தொப்பியைப் பிடித்த கை

சாரம்,
புதுச்சேரி,
10-10-2002

ஏனாம் தேசத்து அரசு ஆஸ்பத்திரியைத் தனியாளாகத் தாங்கி நிற்கும் தூணும், ஊசி பிடித்த மகாராணியுமான என் அக்கா மகள் அமுதவல்லிக்கு, சாரத்துச் சக்கரவர்த்தி ஏட்டு சக்கரபாணி மாமன் கொலுவிலிருந்து எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை அன்னக்கிளியும் பூனை முசேயும் சுகம். அங்கே நீயும் கோதாவரியும் சுகந்தானே?

எழுத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் கோழி நடந்ததோ என்று நினைக்காதே. இது என் இடது கை. நாற்பத்தாறு வருஷமாக ஒரு துரும்பை நகர்த்தாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்த கை, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. வலது கை மருத்துவ விடுப்பில். பயப்படாதே, கதையைக் கேள்.

செப்டம்பர் 28, சனிக்கிழமை காலை. தேங்காய்த்திட்டில் படகு கட்டுகிற இடத்துக்காக இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டது. பக்கத்துக்கு ஆயிரம் பேர். (மொத்தமே நாற்பது பேர்தான் என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு எண்ணத் தெரியாது.) ஜீப்பை விட்டு இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி, அதாவது உன்னைப் பெற்ற தகப்பனார். ஒரு பார்வை பார்த்தார். "மச்சான், லத்தியோட போனா ரத்தந்தான். உன் வாய்க்குத்தான் அடங்குவானுங்க. நீ போ. தொப்பியைக் குடு" என்றார்.

எங்கள் ஸ்டேஷன் வழக்கம் உனக்குச் சொன்னதில்லையே. குப்பத்து ஆட்களிடம் சமாதானம் பேசப் போகிற போலீஸ்காரன் சிவப்புத் தொப்பியோடு போகக் கூடாது. தொப்பியோடு போனால் சர்க்கார், வெறுந்தலையோடு போனால் சொந்தக்காரன். அதனால் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தொப்பியை வாங்கிக்கொள்கிறவர்தான் அனுப்பியவர். உள்ளே என்ன நடந்தாலும் அவர் பொறுப்பு. ஆள் திரும்பி வந்ததும் அவரே தலையில் வைத்துவிடுவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வருகிறது என்று நான் எல்லோரிடமும் அளந்துகொண்டிருக்கிறேன்.

கொடுத்துவிட்டுப் போனேன். பேசினேன். கடல் அலையே நின்று கேட்டது. பெரிய படகுக்காரர் அம்மாவாசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அவசரக்காரப் பயல் அவர் மண்டையைக் குறிவைத்து இரும்புக் கம்பியை வீசினான். நடுவில் ஒரு கை புகுந்தது. பார்த்தால் அது என் கை!

அம்மாவாசை மண்டை தப்பித்தது. மற்றது எல்லாம் சின்ன விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர்க் காரத்தைக் குறைத்துச் சாப்பிடு.

ஒற்றைக் கைச் சிங்கம்,
சக்கரபாணி மாமன்

*

ஏனாம்,
21-10-2002

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், அமுதா எழுதுவது.

நான் நல்லபடியாக இருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, வார்டு முழுக்கக் காய்ச்சல் கேஸ். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மடித்து வைத்த பிறகு அழுதேன்.

விளையாட்டை விட்டுவிட்டு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். விரல்களை மடக்க முடிகிறதா? கட்டைவிரல் போய்ச் சுண்டுவிரலைத் தொடுகிறதா? ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்க முடிகிறதா? நரம்பு அறுந்திருந்தால் காலம் கடத்தக் கூடாது மாமா.

அப்பாவோடு போனில் பேசினேன். அவருக்கு ஒரே பெருமை. "உன் மாமன் ஒரே வாயால மொத்தக் கூட்டத்தையும் உக்கார வெச்சுட்டான். அனுப்பினது யாரு? நான்!" என்று நாலு தடவை சொன்னார். கடமையில் பட்ட காயம் என்று எழுதி, எல்லாச் செலவையும் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்படி செய்துவிடுவாராம். அதனால் கவலைப்படாதீர்கள்.

அத்தைக்கு முட்டிவலி தேவலையா? முசேக்கு என் முத்தம்.

அன்பு மருமகள்,
அமுதா

*

சாரம்,
25-11-2002

மகாராணிக்கு மாமன் வந்தனம். நீ கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்.

விரல்கள் மடங்குவதில்லை. ஐந்தும் ஐந்து தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டன. நம்ம ஊர்ச் சட்டசபை மாதிரி ஒன்றையொன்று தொடாது. டம்ளரை இடது கைதான் தூக்குகிறது. டாக்டர் நல்ல மனுஷர். "இனிமே துப்பாக்கி பிடிக்கிறது கஷ்டம்" என்றார். "சார், இருபத்து மூணு வருஷ சர்வீஸ்ல நான் துப்பாக்கியால முதுகு சொறிஞ்சது மட்டுந்தான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உலக அதிசயம் ஒன்று கேள். என் காயத்தைப் பற்றி ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏட்டு சக்கரபாணி அன்று யார் சொல்லியும் போகவில்லையாம். சொந்த வேலையாக, தொப்பியில்லாமல், மீன் வாங்கப் போனாராம். போன இடத்தில் அடுத்தவர் சண்டையில் மூக்கை நுழைத்துக் கையை உடைத்துக்கொண்டாராம். என்ன மீன் என்று மட்டும் எழுதவில்லை. வஞ்சிரமாக இருக்கட்டும், நம் அந்தஸ்துக்குச் சங்கரா ஒத்துவராது.

கடமையில் பட்ட காயம் என்று இருந்தால் வைத்தியத்தைச் சர்க்கார் பார்க்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கொடுத்து ஓய்வு வயது வரை வைத்துக்கொள்ளும். மீன் வாங்கப் போய்ப் பட்ட காயம் என்றால், 'உடல் தகுதியில்லை, வீட்டுக்குப் போ'. அவ்வளவுதான். மேலே மனு போட்டிருக்கிறேன், இடது கையால். படிக்கிறவர் கதி என்னவோ.

நீ சாப்பிட்டாயா? இளைத்துப் போய் வந்து நிற்காதே.

மீன் வாங்கி மகாராஜன்,
சக்கரபாணி

*

ஏனாம்,
6-12-2002

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை மாமா! பெருமாள் பேரை வைத்துக்கொண்டு, அந்த மாசம் முழுக்க மீன்காரம்மா குரல் கேட்டாலே கதவைச் சாத்துகிற ஆள் நீங்கள். உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மீன்சட்டியைக் கவிழ்த்துப் பரண்மேல் வைத்துவிடுவோமே. நம் பழக்கம் தெரிந்த எவரும் இப்படி எழுத மாட்டார்கள். எவனோ வெளியூர் ஆள், உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், மேஜையிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

அப்பாவுக்குத் தெரியுமா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடுமே, தொப்பியை வாங்கிக்கொண்டவரே அவர்தானே! நான் போன் செய்தால் "டூட்டி நேரம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். நீங்கள் நேரில் கேட்டீர்களா? அப்பா என்ன சொன்னார்?

கையைத் தொங்கவிடாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அத்தையிடம் சொல்லுங்கள்.

அமுதா

*

சாரம்,
20-12-2002

அருமை மருமகளுக்கு,

உன் அத்தை சுகம், முட்டியும் சுகம். மழையில் நம் தெரு வெனிஸ் நகரம் ஆகிவிட்டது. கப்பல் ஒன்று தெருமுனையில் வந்து திரும்ப முடியாமல் நின்றது என்றால் நம்புவாயா? நம்ப வேண்டாம், ஆட்டோதான். முசேக்குக் காதல் நோய் கண்டிருக்கிறது. எதிர்வீட்டுக் கூரையிலேயே குடியிருக்கிறான். நேற்று ஒரு காதைக் கடிபட்டு வந்தான். இந்த வீட்டு ஆண்பிள்ளைகளில் முழுசாக இருப்பவர் எவருமில்லை.

அன்றைக்கு ஜீப் ஓட்டிய கண்ணையனைப் பார்த்தேன். "ஏம்ப்பா, நான் தொப்பியைக் கழட்டிக் குடுத்ததை நீ பாத்தியா இல்லியா?" என்று கேட்டேன். "அந்த நேரம் பாத்து டயரைப் பாத்துக்கினு இருந்தேன் ஏட்டய்யா" என்றான். தங்கமான டிரைவர். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த டயர் தேய்ந்திருக்க வேண்டும்.

படகுக்காரர் அம்மாவாசை வந்து அழுதார். எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றார். சொன்னார், எழுதிக்கொண்டார்கள். "நீ ஏட்டைப் பாத்தே, சரி. அவரை அனுப்பினது யாருன்னு பாத்தியா?" என்று கேட்டார்களாம். பாவம், அவர் உள்ளே அல்லவா இருந்தார்?

சாமான்களை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. பெல்ட் கொடுத்துவிட்டேன், பூட்ஸ் கொடுத்துவிட்டேன். சிவப்புத் தொப்பி எங்கே என்கிறார்கள். பெருமாள் எடுத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறேன். மனுவை ஏற்று மறுவிசாரணை வைக்கிறார்களாம், மார்ச் பத்தாம் தேதி. விசாரிக்கப்போவது நம்ம ஊர்ப் பெரிய அதிகாரிதான். நேர்மையான ஆள் என்கிறார்கள்.

உன் அப்பா நலம். நல்ல நலம். பொங்கலுக்கு வருகிறாயா?

மாமன்

*

ஏனாம்,
22-1-2003

மாமா,

பொங்கலுக்கு வந்தும் உங்களை அரைமணி நேரந்தான் பார்க்க முடிந்தது. அந்த அரைமணியும் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களோ நான் கிளம்புகிற வரைக்கும் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

போகிக்கு முதல் நாள் அம்மா அலமாரிக்கு மேலே தூசி தட்டச் சொன்னாள். பழைய பாய்க்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது. அவிழ்த்தேன். சிவப்புத் தொப்பி. உள்பக்கம், நெற்றி அறுக்காமல் இருக்க அத்தை தன் பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்த பட்டி. அந்தச் சேலையில் நான் குழந்தையாகத் தூங்கியிருக்கிறேன் மாமா, எனக்கா தெரியாது?

நான் அப்பாவைக் கேட்கவில்லை. அவர் அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது முகத்தைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இருப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆளை அனுப்பிக் காயம் பட வைத்தவர் என்று பெயர் வந்தால் பட்டியலில் நிற்குமா என்று அம்மாதான் மெதுவாகக் கேட்டாள். அவர் மோர் கேட்டார்.

மீன் என்று எழுதியது யார் என்று நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

தொப்பியை என் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி நானே எடுத்து வருகிறேன்.

அமுதா

*

சாரம்,
3-2-2003

வீராங்கனையே! என் அக்கா வயிற்றில் பிறந்த புலியே!

உன் கடிதத்தை முசேக்குக்கூடப் படித்துக் காட்டினேன். நீ வருகிற நாளில் ரயிலடியிலிருந்து விசாரணை நடக்கிற வாசல் வரைக்கும் பன்னிரண்டு யானை நிறுத்துகிறேன். கடற்கரைச் சாலையில் பாண்டு வாத்தியம். துறைமுகத்துப் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதும். நம்ம ஊர்ப் பதினாலாம் ஜூலை பிரெஞ்சு விழா ஊர்வலம் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகும்.

விளையாட்டு போதும். கவனமாகக் கேள். நீ உன் அப்பாவுக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. உள்ளே வா. தொப்பியை மேஜையில் வை. "வீட்டில் இருந்தது" என்று மட்டும் சொல். போய்விடு. மற்றதை அந்த வழக்கமே பேசும். அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவனும் ஒரு நாள் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவன்தான். உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "இப்பத்தான் ஞாபகம் வருது" என்றால் போதும், அவரை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும். எனக்குப் போவது முழுசும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். உன்னிடம் நான் சின்ன வயசிலிருந்து அத்தனை பொய்யும் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு நிஜத்தை எழுத இடது கை மறுத்துவிட்டது.

உன் அத்தை இப்போதே உனக்கு முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள். நான் விட்டு வைத்தால் மிச்சமிருக்கும்.

யானைப் படைத் தளபதி,
சக்கரபாணி

*

ஏனாம்,
18-2-2003

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். லீவு கிடைத்துவிட்டது. காக்கிநாடா போய் ரயில் ஏறுகிறேன், ஒன்பதாம் தேதி அங்கே இருப்பேன். நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன், எங்கள் வீட்டுக்கு அல்ல. தொப்பி பத்திரம்.

யானை எல்லாம் வேண்டாம். தெருமுனையில் நீங்கள் நின்றால் போதும்.

அமுதா

*

சாரம்,
14-3-2003

அமுதா,

உடம்பு சுகந்தானே? காய்ச்சல் ஏதாவது வந்துவிட்டதா? ரயில் ஓடவில்லையா? நான் பேப்பரில் பார்த்தேன், கோதாவரியில் வெள்ளம் எதுவும் இல்லை.

ஒன்பதாம் தேதி தெருமுனையில் நின்றேன். உன் அத்தை, "அடுத்த வண்டியில வரும், உள்ள வந்து உக்காருய்யா" என்றாள். பத்தாம் தேதி விசாரணைக்கு நானும் அவளும் போனோம். உன் அப்பா வந்திருந்தார், சலவை மடிப்போடு. அதிகாரி உண்மையிலேயே நல்ல மனுஷர். "அந்தத் தொப்பி எங்கேன்னு காட்டுங்க ஏட்டு, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். "வந்துகிட்டு இருக்கு சார்" என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் காத்திருந்தார். கதவு திறக்கிறபோதெல்லாம் நான் எழுந்து நின்றேன். உன் அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் ஒரு வரி எழுது.

மாமன்

*

சாரம்,
20-4-2003

அமுதா,

இங்கே வெயில். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தொப்பியைத் தொலைத்ததற்கும் ஒரு பிடித்தம் உண்டு. முசே திரும்பி வந்துவிட்டான்.

உன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பார்த்தேன். நீ நல்ல சுகமாக இருப்பதாகவும், மாற்றல் உத்தரவு வந்திருப்பதாகவும் சொன்னார்கள். சந்தோஷம்.

மாமன்

*

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி,
26-5-2003

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கும் அத்தைக்கும், அமுதவல்லி வணங்கி எழுதுவது.

இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். உங்கள் இருவர் உடல்நலத்துக்கும் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு இந்த ஊருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலைச் சுமை அதிகம், அதனால் எங்கும் வர முடியவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெயர் கலைவாணன், கூட்டுறவு வங்கியில் வேலை. கௌரவமான குடும்பம், பெண் வீட்டுப் பெயருக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறவர்கள். ஜனவரியிலேயே பேசி வந்தார்களாம். எனக்கு மார்ச் முதல் வாரத்தில்தான் அப்பா ஏனாம் வந்து சொன்னார்.

பத்திரிகை இதோடு வைத்திருக்கிறேன். ஆனி மாதம் முகூர்த்தம். தாய்மாமன் நீங்கள்தான் என் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். நீங்கள் வராமல் நான் மணையில் உட்கார மாட்டேன். அத்தைக்குப் பட்டுப்புடவை எடுத்திருக்கிறோம்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அமுதவல்லி

*

சாரம்,
2-6-2003

மணப்பெண் அமுதவல்லிக்கு மாமன் ஆசீர்வாதம்.

முத்தியால்பேட்டைக்கும் சாரத்துக்கும் சைக்கிளில் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். உன் கடிதம் உலகத்தைச் சுற்றிவிட்டு நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தது. வழியில் கப்பல் கவிழ்ந்திருக்க வேண்டும். பரவாயில்லை.

பத்திரிகை பார்த்தேன். 'இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி' என்று தங்க எழுத்து. தாய்மாமன் என்று என் பெயரும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஏட்டு என்று போட்டிருக்கிறீர்கள். இப்போது நான் ஏட்டு இல்லை என்று அச்சுக்காரரிடம் யாரும் சொல்லவில்லை போல.

உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அந்தாளு ஏனாம் வரைக்கும் போயி பொண்ணு கிட்ட பேசியிருக்காரு. தெருமுனையில நின்ன உன்கிட்ட வந்து பேச அவருக்குக் கால் இல்லியா? நீ போவியோ என்னமோ, நான் அந்த வாசல்ல கால வைக்க மாட்டேன்" என்றாள். பிறகு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் வருகிறேன். மாமன் வராத கல்யாணம் என்று ஊர் பேசக் கூடாது. உன் பெயருக்கும் ஒரு சொல் வரக் கூடாது அல்லவா. யானை இல்லை, பாண்டு இல்லை. வெறுந்தலையோடு, சொந்தக்காரனாக வருகிறேன். அப்படிப் போய்த்தான் எனக்குப் பழக்கம்.

ஒரே ஒரு சங்கடம். பட்டம் கட்ட முடிச்சுப் போட வேண்டும். நேற்று ஒரு நூலை வைத்து முசேயின் கழுத்தில் கட்டிப் பழகிப் பார்த்தேன். ஒற்றைக் கையால் நூலை வைக்கலாம், இழுக்கலாம், முடிச்சு மட்டும் விழமாட்டேன் என்கிறது. அதனால் உன் அப்பாவிடம் சொல்லி வை. மணையில் எனக்குப் பக்கத்தில் நிற்கட்டும். நான் நூலின் ஒரு முனையை அவர் கையில் கொடுப்பேன். சபை நிறைய ஆள் இருக்கும், கண்ணையன்கூட டயரை விட்டுவிட்டுப் பார்ப்பான்.

அந்த முனையையாவது என்னிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்.

சக்கரபாணி